கலை விமரிசனமும் கிரகித்தல் வினாக்களும்

ஒரு பந்தியைத் தந்து, அதன் கீழே வினாக்களைத் தந்து, வினா ஒவ்வொன்றுக்கும் நான்கு அல்லது ஐந்து விடைகளையும் தாமே எழுதித் தந்து, அவற்றுள் சரியானதைத் தெரிவு செய்க என்று பணிக்கும் முறை, வாசிப்பாற்றலை அளக்கும் அளவுகோலாக இன்று உலகின் பல பாகங்களிலும் நிலைபெற்றுவிட்டது. இம்முறையின் நன்மை தீமைகள் அனைத்தையும் ஆராய்வது எமது நோக்கமன்று. அதன் ஒரு கூறினை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். தரப்படும் பந்தி கலை விமரிசனமாக இருக்கும்போது என்ன நிகழ்கிறது? ஓர் ஓவியத்தைப் பற்றி ஒருவர் வழங்கிய தீர்ப்பை, அவ்வோவியத்தைக் கண்டிராத இன்னொருவர் வாசித்து, அத்தீர்ப்பைப் பற்றிய வினாக்களுக்கு விடையளிக்கிறார். அவர் செய்வது வாசிப்புத்தானா? அதனை வாசிப்பென்று ஒப்புக்கொள்வோமாயின், விமரிசனத்தை வாசித்து அதனோடு மல்லுக்கு நிற்கும் பழைய தொழிலுக்கு இனி என்ன பெயர் வைப்பது?

இது மேனாட்டவர் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம் என்று எண்ணிவிடலாகாது. பிறநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் பெறவும், குடிவரவுக்கான தகைமையைக் காட்டவும் எம்மிளைஞர்கள் ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்னும் ஆங்கிலப் பரீட்சையை எழுதுகின்றனர். உயர்கல்விக்கான அதன் வாசிப்புத்தாளில் மூன்று நீண்ட பந்திகள், 40 வினாக்கள், 60 நிமிடங்கள். அமெரிக்காவிற் பட்டப்பின்படிப்பை நாடுவோர் ஜி.ஆர்.ஈ. எழுதுகின்றனர். அந்நாட்டுச் சட்டக் கல்லூரிகளிற் சேர்வோருக்கான எல்.எஸ்.ஏ.ரி. பரீட்சையின் வாசிப்புப் பகுதியோ நான்கு தொகுதிகளைக் கொண்டது. அவற்றுக்குரிய நேரம் 35 நிமிடங்கள். தொகுதியொன்றுக்கு ஒன்பது நிமிடங்கூட இல்லை. இத்தகைய பரீட்சைகளில் ஓவியத்தையும் ஓவிய விமரிசகரையும் பற்றிய பந்தி வழமையாகவே இடம்பெறும் ஒன்று. விஞ்ஞானத்துக்கு ஒரு பந்தி, சமூகவியலுக்கு ஒன்று, கலைக்கு ஒன்று என்பது வினாத்தாள் அமைப்போரின் எழுதா விதி. நிலத்தை ஈடுவைத்துக் கட்டணம் கட்டிய தந்தையின் மகன் ஒருவன், பாரிஸ் நகரின் ஓவியக்கூடத்தைப் பற்றிய நானூறு சொற்களுக்குள் தன் எதிர்காலத்தைத் தேட வேண்டிய நிலை வருகிறது. ஆகவே இது எமது விவகாரமுந்தான்.

அவனுக்கு வழிகாட்ட எத்தனையோ தனியார் கல்வி நிலையங்கள் உள்ளன. அங்கு போதிக்கப்படும் உபாயங்களைச் சற்றே நோக்குவோம். பந்தியை முதலில் வாசிக்காதே, வினாவை வாசி. வினாவிலுள்ள முக்கிய சொல்லைப் பந்தியில் தேடு. தேடிய இடத்துக்கு மேலும் கீழும் இரண்டு வரி பார். ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’, ‘முற்றிலும்’ போன்ற சொற்கள் வரும் விடையைச் சந்தேகி. உனக்குத் தெரிந்ததை மறந்துவிடு. பந்தியிலுள்ளது மட்டுமே உண்மை. இவ்வுபாயங்களைக் கற்பிக்கும் ஆசிரியர்களை நாம் குறைகூறவில்லை. அவர்கள் தம்மிடம் வந்த பிள்ளைகளைக் கரையேற்றுகின்றனர். இவ்வுபாயங்கள் பலிக்கின்றன என்பதே எம்மைக் கலங்கச் செய்வது. வாசிக்காமலே வாசிப்புப் பரீட்சையில் ஓரளவு தேறிவிட முடியுமெனின், அப்பரீட்சை அளந்தது எதனை?

எடுத்துக்காட்டாக ஒரு வினாவை நாமே அமைத்துப் பார்ப்போம். பந்தி எதுவென்று சொல்லமாட்டோம். ஒரு விமரிசகரைப் பற்றிய பந்தி என்பதோடு நிறுத்திக்கொள்வோம். ‘அவ்விமரிசகர் தொடர்பாக ஆசிரியர் கொண்டுள்ள மனோபாவத்தைச் சிறப்பாக விவரிப்பது எது? (அ) வெளிப்படையான ஏளனம். (ஆ) வரையறைக்குட்பட்ட மதிப்பு. (இ) முழுமையான அக்கறையின்மை. (ஈ) ஐயத்துக்கிடமற்ற ஆமோதிப்பு.’ பயிற்சி பெற்ற மாணவன் பந்தியைக் கேட்கமாட்டான். (ஆ) என்று உடனே புள்ளடி இட்டுவிடுவான். பெரும்பாலும் அவன் கணிப்புப் பிழைக்காது. ஏனெனில் அக்கறையில்லாத பொருளைப் பற்றி எவரும் கட்டுரை எழுதுவதில்லை. ஏளனமும் ஆமோதிப்பும் மிக்க பந்திகளை வினாத்தாளுக்குத் தெரிவு செய்வதும் அரிது. வீண் சர்ச்சைக்கு இடமளிக்கும் பொருள்களைத் தவிர்க்குமாறு பரீட்சை நிறுவனங்கள் தம் வினா எழுதுநர்க்கு நெறிமுறைகளே வகுத்துள்ளன. தேர்வெழுதுவோர் மனம் புண்படலாகாது என்ற நல்லெண்ணம் அதில் உண்டு. ஆனால் அதன் விளைவு யாது? கோபமில்லாத விமரிசனம், பக்கஞ் சாராத விமரிசனம், ‘ஒருபுறம் இப்படி, மறுபுறம் அப்படி’ என்று தராசு பிடிக்கும் விமரிசனம் மட்டுமே மாணவன் கண்ணிற் படுகிறது. விமரிசனம் என்றாலே இதுதான் என்று அவன் எண்ணிக்கொள்கிறான்.

கலை விமரிசனத்தின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1846ஆம் ஆண்டின் ஓவியக் காட்சி பற்றி எழுதப் புகுந்த பொதலேயர், விமரிசனம் பக்கஞ் சார்ந்ததாகவும் வேட்கை மிக்கதாகவும் அரசியற் சார்புடையதாகவும் இருத்தல் வேண்டும் என்று வாதிட்டார். அவர் கட்டுரையைப் பரீட்சைப் பந்தியாக நறுக்க முனைவோர் முதலில் அந்த வாதத்தையே நறுக்கிவிடுதல் வேண்டும்.

இன்னும் தெளிவான ஓர் உதாரணத்தைக் கூறுவோம். 1877இல் இலண்டனிற் திறக்கப்பட்ட குறோஸ்வெனர் ஓவியக்கூடத்தில் ஜேம்ஸ் விஸ்லர் என்ற அமெரிக்க ஓவியரின் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று இரவு வானில் வாணம் சிதறி விழுவதைக் கறுப்பிலும் பொன்னிறத்திலும் தீட்டியது. அதன் விலை 200 கினி. அக்காலத்தில் ஆங்கில நாட்டின் கலைத் தீர்ப்பாளர்களுள் முதன்மையானவராக விளங்கிய ஜோன் றஸ்கின், பொதுசனங்களின் முகத்தில் வர்ணத்தை வீசிவிட்டு இத்துணைப் பெருந்தொகை கேட்பதா என்ற பொருள்பட ஏசி எழுதினார். விஸ்லர் மானநட்ட வழக்குத் தொடுத்தார். 1878 நவம்பரில் விசாரணை. இரண்டு நாள் வேலைக்கா இந்த விலை என்று குறுக்கு விசாரணையில் கேட்கப்பட்டபோது, வாழ்நாள் முழுவதும் தேடிய அறிவுக்காகவே அவ்விலை என விஸ்லர் விடையிறுத்தார். தீர்ப்பு விஸ்லருக்குச் சாதகமாகவே அமைந்தது. ஆயின் அவருக்கு வழங்கப்பட்ட நட்டஈடு ஒரு பார்திங், அதாவது ஒரு பெனியின் காற்பங்கு. வழக்குச் செலவு அவரை 1879இல் வங்குரோத்தாக்கியது. றஸ்கின் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் வகித்த பேராசிரியப் பதவியைத் துறந்தார்.

இச்சம்பவத்தை எங்ஙனம் வாசிப்பது? புதிய கலையைப் புரிந்துகொள்ள இயலாத பழைய இரசனை ஒன்றின் தோல்வி என்று வாசிக்கலாம். பெரும்பாலான கலை வரலாறுகள் அவ்வாறே வாசிக்கின்றன. றஸ்கினின் ஏனைய எழுத்துக்களை, குறிப்பாகக் கூலியையும் உழைப்பையும் பற்றி 1860இல் அவர் எழுதி, பின்னர் காந்தியடிகளின் சிந்தனையைத் திருப்பிய கட்டுரைகளை அறிந்தவர்கள் வேறுவிதமாகவும் வாசிக்கலாம். செய்த வேலைக்கும் பெற்ற விலைக்கும் இடையேயுள்ள உறவு யாது என்பது அம்மனிதரை வாழ்நாள் முழுவதும் வாட்டிய கேள்வி. ஓவியத்தின் முன் நின்றபோதும் அக்கேள்வி அவரை விடவில்லை. கேள்வி நியாயமானது, அதைக் கேட்ட இடமும் கேட்ட விதமும் தவறு என்பது எமது கட்சி. வேறொருவர், கேட்ட இடமும் சரியே என்பார். விஸ்லரின் ஓவியத்தைப் பார்த்தபின் மூன்றாமவர் ஒருவர், இருவரையும் மறுப்பார். இவர்களுள் எவரும் பந்தியைக் கிரகிக்கத் தவறியவரல்லர். ஆனால் நான்கு விடைகளுள் ஒன்றுக்கே புள்ளி என்ற ஏற்பாட்டில், மூவருள் இருவராவது வாசிக்கத் தெரியாதவர் பட்டியலிற் சேர்ந்துவிடுவர்.

அவ்வழக்கிலே கவனிக்கத்தக்க இன்னொன்றும் உண்டு. நீதிமன்றம் சட்டத்தின் கண்கொண்டு பார்த்த ஒன்றுதான். இருந்தும் விஸ்லரின் ஓவியங்களைச் சூரிமார் பார்ப்பதற்கு ஏற்பாடு செய்யப்பட்டது. படத்தைப் பாராமல் படத்தைப் பற்றிய சொல்லை எடைபோட முடியாது என்பது 1878ஆம் ஆண்டின் வழக்கறிஞருக்கு விளங்கியிருக்கிறது. கலை பற்றிய பந்தியைத் தரும் இன்றைய வினாத்தாள்களோ பெரும்பாலும் படத்தைத் தருவதில்லை. கணினித் திரையிற் பரீட்சை நடக்கும் இக்காலத்தில், ஓர் ஓவியத்தை அச்சிடும் செலவு என்ற பழைய சாட்டுக்கும் இடமில்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். படமின்றி விமரிசனத்தை வாசிப்பது புதியதா? பிரெஞ்சு அறிஞர் டிடெரோ 1759 முதல் எழுதிய ஓவியக் காட்சி விமரிசனங்கள் கையெழுத்துப் பிரதிகளாகவே சுற்றுக்கு விடப்பட்டன. பாரிசுக்குத் தொலைவில், ஜேர்மன் சமஸ்தானங்களிலும் உருசியாவின் அரசவையிலும் இருந்து அவற்றைப் பெற்றவர்கள் அவ்வோவியங்களைக் கண்டவர்களல்லர். உண்மையே. ஆயின் தம் வாசகர் காணவில்லை என்பதை டிடெரோ அறிந்திருந்தார்; அதனாலேயே பக்கம் பக்கமாக வருணித்தார். யார் எங்கே நிற்கிறார், ஒளி எப்பக்கமிருந்து விழுகிறது, கையிலிருப்பது என்ன என்று சொல்லிச் சொல்லி வாசகன் மனத்தில் படத்தைத் தீட்டிய பின்பே தம் தீர்ப்பைக் கூறினார். பரீட்சைப் பந்தி தயாரிப்போர் முதலில் வெட்டுவது இந்த வருணனையைத்தான். தீர்ப்பு எஞ்சுகிறது, தீர்ப்புக்கு ஆதாரமான காட்சி போய்விடுகிறது. அமெரிக்காவின் எஸ்.ஏ.ரி. பரீட்சையில் 2016ஆம் ஆண்டு மாற்றத்தின்போது பந்தியொன்று 500 முதல் 750 சொற்கள் வரை இருந்தது. கணினி வடிவம் பெற்றபின், வெளிநாடுகளில் 2023 முதலும் அமெரிக்காவில் 2024 முதலும், அது 25 முதல் 150 சொற்களாகச் சுருங்கிற்று. ஒரு பந்திக்கு ஒரே வினா. டிடெரோ தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளும் நேரத்தில் இப்பரீட்சையில் ஒரு விமரிசனம் முடிந்துவிடும்!

ஜோன் பேர்ஜரின் உதாரணம் இதனிலும் கூரியது. 1972இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் நான்கு பகுதிகளாக வெளிவந்து பின் நூலாகவும் வந்த, ‘காணும் முறைகள்’ என்று பொருள்படும் தலைப்புடைய அவரது ஆக்கத்தைக் கலை மாணவர் பலர் அறிவர். அதிலே வான் கோவின் ஓவியம் ஒன்றை, காகங்கள் பறக்கும் கோதுமை வயலை, முதலில் வெறுமனே காட்டுகிறார். பின்னர் அதே ஓவியத்தை, இது ஓவியர் தம் உயிரைப் போக்கிக்கொள்ளுமுன் இறுதியாகத் தீட்டியது என்ற குறிப்போடு காட்டுகிறார். படம் மாறவில்லை, எமது பார்வை மாறிவிடுகிறது. சொல் எவ்வாறு கண்ணை ஆள்கிறது என்பதை வாசகன் தன் கண்ணாலேயே சோதித்து அறியச் செய்கிறார். இப்பகுதியைப் படமின்றி வினாத்தாளில் இட்டால் வாசகனுக்கு எஞ்சுவது, ‘சொல் பார்வையை மாற்றும் என்று ஆசிரியர் கருதுகிறார்’ என்ற ஒரு செய்தி. அச்செய்தியை அவன் சரியாகத் தெரிவு செய்யலாம். ஆனால் அவனுக்கு எதுவும் நிகழவில்லை.

வான் கோ 1890 யூலை 29இல் இறந்தார். காகங்கள் பறக்கும் வயலை அம்மாதத்தின் முற்பகுதியில் தீட்டியிருந்தார். அவரது இறுதி ஓவியம் அதுவன்று, ‘மரவேர்கள்’ என்பதே என்பது இன்று ஆய்வாளர் பலர் ஏற்கும் கருத்து. அவ்வேர்கள் இருந்த இடம் 2020இல் அடையாளங் காணப்பட்டபோது அது மேலும் வலுப்பெற்றது. பேர்ஜரின் குறிப்பு பிழையானது என்பதால் அவருடைய வாதம் வலுவிழக்கிறதா, அன்றிப் பிழையான சொல்லும் பார்வையை ஆளும் என்பதால் மேலும் வலுப்பெறுகிறதா? அருமையான கேள்வி, ஒரு வகுப்பில் ஒருமணி நேரம் விவாதிக்கலாம். பரீட்சையில் இக்கேள்விக்கு இடமில்லை. ‘இவ்வோவியமே இறுதியானது: உண்மையா, பொய்யா, கூறப்படவில்லையா?’ என்று கேட்டால், உண்மை அறிந்த மாணவன் அதை விழுங்கிக்கொண்டு ‘உண்மை’ என்றே எழுதவேண்டும். அறியாதவனும் அதையே எழுதுவான். இருவருக்கும் ஒரே புள்ளி. நேர்மையுள்ள மாணவன் ஒருவன் தயங்கி நின்றால் அவனுக்கு நட்டம் நேரமும் புள்ளியும்.

‘கூறப்படவில்லை’ என்ற இந்த மூன்றாவது விடை ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சைக்கே உரிய ஒரு விசேடம். ஆசிரியரின் கருத்தோடு ஒத்தால் ‘ஆம்’, முரண்பட்டால் ‘இல்லை’, ஆசிரியர் என்ன எண்ணுகிறார் என்று சொல்ல முடியாதாயின் ‘கூறப்படவில்லை’. பௌதிகத்தையோ வணிகத்தையோ பற்றிய பந்திக்கு இது பொருந்தலாம். விமரிசகர் கையாளும் மொழியை இந்த முக்கவட்டில் எங்கே தொங்கவிடுவது? ஓவியக் கண்காட்சி ஒன்றைப் பற்றி எழுதுபவர், மண்டபத்தின் விசாலத்தையும் வந்திருந்த கூட்டத்தையும் ஓவியங்களுக்கு இடப்பட்டிருந்த சட்டங்களின் வேலைப்பாட்டையும் மனமாரப் புகழ்ந்து கட்டுரையை முடித்துவிட்டார் என்க. ஓவியங்களைப் பற்றி அவர் கருத்து யாது? எம் வாசகருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நூல் வெளியீட்டு விழாக்களில் அட்டைப்படத்தையும் அச்சமைப்பையும் மட்டும் பாராட்டிவிட்டு அமரும் பேச்சாளரை நாம் அறிவோம், நூலாசிரியரும் அறிவார். மௌனம் இங்கு கூற்றாகிறது. சொல்லாததை ‘கூறப்படவில்லை’ என்று மட்டுமே கணக்கெடுக்கப் பழகிய வாசகன், விமரிசனத்தின் பாதியை இழந்தவனாவான். அமெரிக்கப் பரீட்சைகளில் உட்கிடையை உய்த்துணரும் வினாக்கள் உள்ளன என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். ஆயின் அங்கும் உய்த்துணர்வின் எல்லையை வகுப்பவர் வினா எழுதுநரே.

இனி, இப்பரீட்சைகள் எவருக்கும் சலுகை காட்டுவதில்லை என்ற வாதத்துக்கு வருவோம். விடைக்கு வேண்டிய யாவும் பந்தியிலேயே உள்ளன, வெளியறிவு வேண்டியதில்லை என்பர். 1988இல் றெக்ற், லெஸ்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இதற்கெதிரே வைக்கிறோம். ஏழாம் எட்டாம் வகுப்புகளைச் சேர்ந்த 64 மாணவர்க்கு பேஸ்போல் விளையாட்டின் ஒரு பகுதி பற்றிய பந்தி தரப்பட்டது. வாசிப்பிற் பின்தங்கியவர் எனப்பட்டோருள் அவ்விளையாட்டை நன்கறிந்தவர்கள், வாசிப்பிற் சிறந்தவராயினும் விளையாட்டை அறியாதவர்களை விஞ்சினர். பேஸ்போலுக்குப் பதிலாகக் கிரிக்கெட்டை வைத்துப் பார்த்தால் எம்மவர்க்கு இது உடனே விளங்கும். வாசிப்பாற்றல் என்று நாம் தனியாகப் பிரித்தெடுக்க விரும்பும் பொருள், உலகறிவோடு பின்னிப் பிணைந்தே கிடக்கிறது. சிறு வயதிலேயே பெற்றோரோடு நூதனசாலைக்குச் சென்ற பிள்ளைக்கு ‘இம்பிரெஷனிசம்’ என்ற சொல் ஒரு நிறம். ஏனைய பிள்ளைக்கு அது வெறும் ஒலி. பந்தி இருவருக்கும் ஒன்றே. நேரமும் ஒன்றே. அதனைச் சமத்துவம் என்கிறார்கள்.

அப்படியாயின் எம் பண்பாட்டுப் பந்திகளைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடுமா? கொழும்பிற் பிறந்து, 1917 முதல் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிற் பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமி, நடராச வடிவத்தைப் பற்றி எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. அதிலொரு பகுதியை வினாத்தாளில் இட்டால், கோயில் வீதியில் வளர்ந்த எம் பிள்ளை தூக்கிய திருவடியையும் முயலகனையும் கண்முன் கண்டபடியே விடை எழுதுவான். அயோவா மாநிலத்துப் பிள்ளை திண்டாடுவான். இதில் நாம் மகிழ ஏதுமில்லை. அநீதியின் திசை மாறியதேயன்றி அநீதி நீங்கவில்லை. மேலும், படத்தைக் கண்ட கண்தான் விமரிசனத்தை வாசிக்கிறது என்ற எமது வாதத்தை இது உறுதிப்படுத்துகிறது.

எதிர்த்தரப்பின் பக்கத்திலும் நியாயம் உண்டு. அதனை மறைப்பது விவாத தர்மமாகாது. முதலாவது, ஆசிரியர் சொன்னது எது, நாம் எண்ணிக்கொண்டது எது என்று பிரித்தறியும் ஒழுக்கம் வாசிப்புக்கு இன்றியமையாதது. எம்முடைய சொந்த இலக்கிய விவாதங்களை எண்ணிப் பார்க்கும்போது, விவாதிகள் இருவரையும் முதலில் ஒரு கிரகித்தல் பரீட்சைக்கு இருத்தினால் என்ன என்று தோன்றாமலில்லை. ஒருவர் சொல்லாததை அவர் வாயில் திணித்து, அதனை ஆறு பக்கங்களில் மறுத்து, வெற்றி முழக்கமிடுவது எம்மிடையே ஒரு கலையாகவே வளர்ந்துள்ளது. இந்த அளவில் அப்பரீட்சைகள் பழக்கும் நிதானத்தை நாம் மதிக்கிறோம். ஆயின் அது வாசிப்பின் முதற்படி. முதற்படியிலேயே நாற்காலி போட்டு அமர்ந்துவிட்டு, மாடி இதுதான் என்று சொல்வதையே மறுக்கிறோம்.

இரண்டாவது நியாயம் இன்னும் பாரமானது. பல்தேர்வு முறையைத் தோற்றுவித்தவருள் ஒருவராகிய பிரெடரிக் கெலி, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி ஒன்றைச் சேர்ந்தவர். ஒரே விடைத்தாளுக்கு ஆசிரியர்கள் வெவ்வேறு புள்ளிகள் வழங்குவதை 1914இல் ஆராய்ந்து, அக்குறையைப் போக்கும் பொருட்டு மௌன வாசிப்புப் பரீட்சை ஒன்றை 1915 அளவில் வெளியிட்டார். பிள்ளையின் குலமும் கையெழுத்தும் தகப்பனின் உத்தியோகமும் புள்ளியை நிர்ணயித்த சமூகங்களில், ஆளைப் பாராத இயந்திரம் ஒரு விடுதலையாகத் தோன்றியதில் வியப்பில்லை. எம் நாட்டிலும் அவ்வாறு எண்ணுவோர் உளர். அவர்களுக்கு அவ்வாறு எண்ணக் காரணமும் உண்டு. அதே முறை விரைவிலேயே வேறு கைகளுக்கும் போயிற்று. 1926இல் முதன்முதல் நடத்தப்பட்ட எஸ்.ஏ.ரி. பரீட்சையை உருவாக்கிய கார்ல் பிறிகாம், அதற்கு மூன்றாண்டுகள் முன்னர் இனங்களுக்கிடையே அறிவில் ஏற்றத்தாழ்வு உண்டென்று நூலெழுதியவர். 1930இல் அம்முடிவுகளை அவரே கைவிட்டார். ஆளைப் பாராத இயந்திரத்தை இயக்கியவர்கள் ஆளைப் பார்த்தே இருக்கின்றனர்.

கெலி கண்ட குறைக்கு வேறு பரிகாரமும் இருந்தது. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. றிச்சட்ஸ் தம் மாணவர்க்குக் கவிஞர் பெயர் குறியாத கவிதைகளைக் கொடுத்து, தோன்றியதை எழுதித் தருமாறு கேட்டார். நான்கு விடைகளை அவர் எழுதிக் கொடுக்கவில்லை. மாணவர் எழுதியவற்றில் எத்தனையோ தடுமாற்றங்கள். பெயர் பெற்ற கவிஞரை இகழ்ந்தும் சாதாரணச் செய்யுளைப் புகழ்ந்தும் எழுதியிருந்தனர். அத்தடுமாற்றங்களைத் திரட்டி, அவை எங்கிருந்து பிறக்கின்றன என்று வகுத்து 1929இல் நூலாக்கினார். தவறான வாசிப்பு அங்கு அறிவுக்கு மூலப்பொருளாயிற்று. பல்தேர்வுத் தாளிலோ தவறான விடை என்பது ஒரு வெற்றுப் புள்ளி. மாணவன் ஏன் அவ்விடையை எடுத்தான் என்று எவரும் கேட்பதில்லை, கேட்க வழியுமில்லை.

இலண்டனிலும் பிறின்ஸ்ரனிலும் உள்ள பரீட்சை நிறுவனங்கள் எம் கட்டுரையைக் கண்டு தம் போக்கை மாற்றிக்கொள்ளும் என்ற மயக்கம் எமக்கில்லை. அப்பரீட்சைகளை எழுதும் பிள்ளைகள் உபாயங்களைக் கற்றுத் தேறட்டும். தேறவேண்டியவர்களைத் தத்துவம் பேசித் தடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை. நாம் கேட்பது வேறு. இந்த வினாமாதிரிகள் எம் வகுப்பறைக்குள் வாசிப்பின் இலட்சணமாக நுழைவதைத் தடுக்க வேண்டும். தமிழ்ப் பாட ஆசிரியரும் சித்திர ஆசிரியரும் ஒரு பாடவேளையைப் பகிர்ந்துகொள்வது இயலாத காரியமன்று. சீகிரிய ஓவியமோ, ஊரிலுள்ள ஓவியர் ஒருவரின் படமோ மேசைமீது இருக்கட்டும். அதைப் பற்றி ஒருவர் எழுதிய இரண்டு பக்கம் வெட்டாமல் மாணவர் கையில் இருக்கட்டும். எழுதியவர் சொன்னது என்ன என்பது முதல் வினா. அவர் சொன்னதற்குப் படத்தில் எது ஆதாரம் என்பது இரண்டாவது. நீ எங்கு மாறுபடுகிறாய், உனக்குப் படத்தில் எது ஆதாரம் என்பது மூன்றாவது. மூன்றாம் வினாவுக்கே கூடிய புள்ளி. ஆசிரியரின் கருத்துக்கு எதிராக எழுதி ஆதாரம் காட்டிய மாணவனுக்கு அப்புள்ளி குறையலாகாது. விடைத்தாளில் பெயருக்குப் பதிலாகச் சுட்டெண் இருக்கட்டும். இருவர் தனித்தனியே திருத்தி, பெரிதும் வேறுபட்டால் மூன்றாமவரிடம் கொடுக்கட்டும். கெலியின் கவலைக்கு இதுவும் ஒரு மருந்தே.

திருத்துவோர்க்கு இது பளுவான வேலை என்பதை அறிவோம். நாற்பது பேர் எழுதிய மூன்றாம் விடையை வாசிக்க ஓர் இரவு போதாது. எண்ணும் இயந்திரத்துக்கு மின்சாரம் மட்டும் கொடுத்தாற் போதும். ஆசிரியருக்குக் கூலி கொடுத்தல் வேண்டும். அக்கூலி எவ்வளவு, அதனை யார் கொடுப்பது என்ற விவாதத்தைக் கல்வித் திணைக்களத்தாரும் ஆசிரியர் சங்கங்களும் தொடங்கட்டும்.